கிரமோனாவுக்குப் போன பிடில்

மிலான் நகரிலிருந்து தென்கிழக்கே புகைவண்டியில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பயணம். போ ஆற்றுச் சமவெளியின் வயல்கள் சன்னலோரம் ஓடிக்கொண்டிருந்தன. நமது மடியில் ஒரு பிடில் பெட்டி. அலுவல் நிமித்தம் உரோமைக்குப் புறப்பட்ட நம்மிடம் பங்கின் பாடற்குழுவினர் அதை ஒப்படைத்து, “சாமி, பிடில் பிறந்த ஊரிலேயே நல்ல தந்தி வாங்கிப் போட்டு வாருங்கள்” என்று கேட்டிருந்தனர்.

மறைந்த உபதேசியார் விட்டுச்சென்ற பிடில் அது. அவருக்குப்பின் அதை வாசித்த சிறுவனின் கையில் அது கரகரத்தது. கிறிஸ்து பிறப்புத் திருப்பலி முடிந்ததும், “ஒழுங்காகக் கற்றபின் வா” என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டோம். பிறகு அவன் பாடற்குழுவின் பக்கமே வரவில்லை.

கிரமோனாவில் முதலில் கண்ணிற்படுவது ஏறத்தாழ 112 மீட்டர் உயர்ந்த செங்கல் மணிக்கோபுரம். அதன் அருகே, தேவதாயின் விண்ணேற்புக்கு நேர்ந்தளிக்கப்பட்ட பேராலயத்தில் சிறிது நேரம் செபித்தோம். 16-ஆம் நூற்றாண்டில் அந்திரேயா அமாத்தி பிடில் செய்த ஊர் இது. அக்கலையில் ஒப்பற்றவரான அந்தோனியோ ஸ்திராதிவாரி 1737-இல் இறந்து, புனித சாமிநாதர் ஆலயத்தில் அடக்கம் பெற்றார். அவ்வாலயத்தைப் பின்னாளில் இடித்துவிட்டார்கள்; இன்று அங்கே பூங்கா இருக்கிறது. ஆலயம் போயிற்றே தவிரத் தொழில் போகவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட பட்டறைகள் இன்றும் உள்ளன.

அவற்றுள் ஒன்றில் நுழைந்து, “தந்தி வேண்டும்” என்றோம். பட்டறையை நடத்தும் அம்மையார் தந்தியைப் பற்றிப் பேசவேயில்லை. பிடிலின் துளை வழியே விளக்கொளி பாய்ச்சிச் சிறு கண்ணாடியால் உள்ளே நோக்கினார். “ஆனிமா சாய்ந்திருக்கிறது” என்றார். திடுக்கிட்டோம். ஆனிமா என்றால் ஆன்மா! குருமடத்து இலத்தீனில் எத்தனை முறை உச்சரித்த சொல்!

பிடிலின் வயிற்றுக்குள், குதிரையின் ஒரு காலுக்குச் சற்றுப் பின்னே, பென்சிலினும் மெல்லிய மரக்குச்சி ஒன்று நிற்கிறது. மேற்பலகையின் அதிர்வைக் கீழ்ப்பலகைக்குச் சேர்ப்பது அதுவே. அதற்குப் பசை கிடையாது. இரு பலகைகளுக்கும் இடையே பொருந்தி நிற்பதுதான் அதன் பலம். இத்தாலியர் அதை ஆன்மா என்கிறார்கள். நமது பிடிலில் அது இடம்பெயர்ந்திருந்தது. குதிரையும் வளைந்திருந்தது. விலையுயர்ந்த தந்தி பூட்டியிருந்தாலும் கரகரப்பு நீங்கியிராது.

புதிய குச்சி செதுக்கி, வளைந்த இரும்புக் கருவியால் உள்ளே நிறுத்தினார், வாசித்துப் பார்த்து, மயிரிழையளவு நகர்த்தினார், மீண்டும் வாசித்தார். பிற்பகல் முழுவதும் இதுவே வேலை. புதுக் குதிரையும் வைத்தார். பிறகுதான் தந்தியைப் பற்றி, “எங்கே வாசிப்பார்கள்?” என்று வினவினார். கடற்கரை ஊர் என்றோம். ஆட்டுக்குடல் தந்தியின் நாதம் இனிமையானதாம். ஆனால் ஈரக்காற்றில் சுருதி நில்லாதாம். ஆகவே செயற்கை இழையில் உலோகம் சுற்றியவற்றைப் பூட்டினார். மாற்றும்போது ஒவ்வொன்றாகவே மாற்ற வேண்டும், எல்லாவற்றையும் ஒருசேரக் கழற்றினால் ஆன்மா விழுந்துவிடும் என்று எச்சரித்தார்.

விடைபெறும்போது, “இந்நிலையில் இதை வாசித்தவர் மிகவும் பாடுபட்டிருப்பார்” என்றார். நம்மால் பதில் சொல்ல இயலவில்லை.

ஊர் திரும்பியதும் பங்கு இல்லத்துக்குப் போகாமல் நேரே அச்சிறுவனின் வீட்டுக்குச் சென்றோம். பெட்டியைத் திறக்குமுன், அவன் தாயின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டோம். அவன் தலை கவிழ்ந்து நின்றான். பிறகு கைகழுவி வந்து, “சுருதி சேர்த்துப் பார்க்கட்டுமா, சாமி?” என்றான்.