பேட் வாங்கிய கதை

புனேவுக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம் ஆச்சு. எனக்கு எந்த ஊரும் ஒன்றுதான். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் எந்த மொழியில் பேசினாலும் கேட்கப் போவது பணம். தங்கமணி பாடுதான் கஷ்டம். மதுரையை விட்டதிலிருந்து வீடு, பால்கனி, அம்மாவோடு போன், அவ்வளவுதான். இந்தி புரியும், பேச வாய் வராது. சரி, அதுக்கு அப்புறம் வர்றேன். முதலில் பேட்.

எங்க சொசைட்டி ஷட்டில் கோர்ட்டில் போன வருஷம் புதுசா கோடு போட்டு பிக்கிள்பால் ஆரம்பிச்சாங்க. இரண்டுக்கும் அளவு ஒன்றுதான், 44 அடிக்கு 20 அடி. வலையை மட்டும் நடுவில் 34 அங்குலத்துக்கு இறக்கணும். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து, ரொம்ப ஓட வேண்டாம். தொப்பை வைத்தவர்களுக்கென்றே செய்த ஆட்டம்!

என் முதல் பேட் மலிவான ஃபைபர்கிளாஸ், மெல்லிசு. பட்டால் பந்து துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும், பாதி நேரம் கோட்டுக்கு வெளியே. நான் அதை என் பலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூடவே முழங்கை வலி. டென்னிஸே ஆடாதவனுக்கு டென்னிஸ் எல்போ என்றார் டாக்டர்.

ஆறாயிரத்துச் சொச்சம் கொடுத்து 16 எம்.எம். கார்பன் ஃபைபர் வாங்கினேன். வீட்டில் சொன்ன விலை இரண்டாயிரம். ஜாயிண்ட் அக்கவுண்டில் பணம் எடுத்தால் இரண்டு போனுக்கும் எஸ்.எம்.எஸ். போகும் என்பதை மறந்த பேங்க் ஆபீசர் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

முதல் நாள் 11-4ல் தோல்வி. தடிமனான பேட் பந்தின் வேகத்தை விழுங்கிவிடுகிறது. பழைய பழக்கத்தில் ஓங்கி அடித்தாலும் வலையைத் தாண்டவில்லை. பத்து நாள் கழித்துத்தான் கை அடங்கியது. மெதுவாகத் தட்டினால் சொன்ன இடத்தில் விழுகிறது. கை வலியும் தேவலை (பேட்டாலா, டாக்டர் சொன்ன எக்சர்சைஸாலா, தெரியாது).

பழைய பேட் சும்மா கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலாவது ஆள் வரலை. தங்கமணியைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்தில் டென்னிகாய்ட் ஆடின கை. நாலு பந்து வெளியே போச்சு, அஞ்சாவதிலிருந்து ஒன்றும் போகலை.

வலையை ஒட்டி இரண்டு பக்கமும் 7 அடிக்குப் பெயர் கிச்சன். அதில் நின்றுகொண்டு பந்தை அந்தரத்தில் அடிக்கக் கூடாது. இதை விளக்கினதும், "இருபது வருஷம் கழிச்சு கிச்சனை விட்டு வெளிய நிக்கச் சொல்ற முதல் ஆளுங்க இவங்கதான்"னாங்க.

டபுள்ஸில் சர்வ் போடுறவங்க மூணு நம்பரைச் சத்தமா சொல்லணும்: நம்ம பாயிண்ட், அவங்க பாயிண்ட், முதல் சர்வரா இரண்டாவதா. ஆரம்பம் எப்பவும் 'ஸீரோ, ஸீரோ, டூ'. முதல் வாரம் முணுமுணுப்பு. இப்போ 'சார், தீன், ஏக்'னு கோர்ட்டுக்கு வெளியேயும் கேட்குது. பாயிண்டில் தகராறு வந்தால் அரைகுறை இந்தியில் சண்டையே போடுறாங்க. காலையில் ஆறரைக்கு யாராவது கீழேயிருந்து 'வஹினி'ன்னு கூப்பிடுறாங்க (மராட்டியில் அண்ணி). என்னை யாரும் கூப்பிடுவதில்லை.

போன வாரத்திலிருந்து 16 எம்.எம். பேட் அவங்க கையில். "உங்களுக்குப் பழசு நல்லா பழக்கம்தானே"ங்கறாங்க. எனக்கு இன்னொன்று வாங்கணும். அந்த எஸ்.எம்.எஸ்.ஸுக்குத்தான் என்ன செய்றதுன்னு தெரியலை.