தளிகை தெரிந்த துறவி

1965 ஆகஸ்ட் 13ஆம் தேதி கல்கத்தாவில் ‘ஜலதூதா’ என்ற சரக்குக் கப்பலில் ஏறியபோது, பின்னாளில் ஹரே கிருஷ்ணா இயக்கத்தைத் தொடங்கிய பக்திவேதாந்த சுவாமியிடம் ஒரு பெட்டி, ஒரு குடை, 40 ரூபாய், கொஞ்சம் உலர்ந்த தானியம் இருந்தன. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த 40 ரூபாயைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். என் மனம் தானியத்திலேயே நின்றுவிட்டது. அமெரிக்காவில் மாமிசம் தவிர வேறொன்றும் கிடைக்காமல் போனால், இதையும் வேகவைத்த உருளைக்கிழங்கையும் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்தாராம். எழுபதைத் தொடப்போகும் வயது. வங்க வைணவ மகான் சைதன்யரின் செய்தியை ஆங்கிலத்தில் சொல் என்று குரு பக்திசித்தாந்த சரஸ்வதி 1922இல், முதல் சந்திப்பிலேயே சொல்லியிருந்தார். அதற்காகக் கடல் தாண்ட 43 வருஷம் ஆயிற்று. கப்பல் கொழும்பையும் கொச்சியையும் தொட்டு சூயஸ் வழியாகப் போனது. வழியில் இரண்டு முறை மாரடைப்பு. இவ்வளவு பெரிய காரியத்துக்குப் புறப்படுகிறவர், நாளைக்கு என்ன சாப்பிடுவது என்றும் யோசித்திருக்கிறார் பாருங்கள், அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வங்க வைணவத்தில் சாப்பாடு சின்ன விஷயமே அல்ல. கிருஷ்ணதாச கவிராஜர் எழுதிய சைதன்ய சரிதாம்ருதத்தைப் படித்தவர்களுக்கு இது தெரியும். தத்துவம் பேசும்போது எவ்வளவு நுணுக்கமோ, கீரையையும் பாகற்காயையும் வாழைப்பூவையும் சொல்லும்போதும் அவரிடம் அவ்வளவு நுணுக்கம். அந்த நூலில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் தமயந்தியின் மூட்டைகள். தமயந்தி, சைதன்யரின் அடியார் ராகவ பண்டிதரின் தங்கை. சைதன்யர் துறவு பூண்டு புரியில் தங்கிவிட்டார். வங்காளத்து அடியார்கள் வருஷம் ஒருமுறை, தேர்த்திருவிழாவுக்கு நடந்தே போய் அவரைப் பார்த்து வருவார்கள். அவர்களோடு அனுப்ப ஒரு வருஷத்துக்குத் தாங்கும் பண்டங்களை அந்தப் பெண் செய்து கட்டுவாள். மாங்காயில் ஊறுகாய், இஞ்சியில் ஊறுகாய், எலுமிச்சையில் ஊறுகாய். உலர்த்திய மாங்காய். கொத்தமல்லி விதையையும் சோம்பையும் அரைத்துச் சர்க்கரை சேர்த்துப் பிடித்த உருண்டை. பித்தத்துக்கும் கபத்துக்கும் இஞ்சி உருண்டை. தேங்காய் லட்டு. பொடித்து வைத்த கசப்பு இலை. இந்தக் கடைசிப் பண்டத்தை மட்டும் அற்பமாக நினைத்துவிடாதீர்கள் என்று கவிராஜரே நம்மிடம் சொல்கிறார். போகிற இடமெல்லாம் வற்புறுத்திச் சாப்பிடவைப்பார்கள், வயிறு மந்தமாகும், அப்போது இது கேட்கும் என்று அவள் நினைத்தாளாம். பகவானே மனித உருவில் வந்திருக்கிறார் என்று நம்புகிற ஒருத்தி, அந்தப் பகவானுக்கு அஜீரணம் வருமே என்று கவலைப்படுகிறாள்! கங்கை மண்ணைக்கூட உலர்த்தி, துணியில் சலித்து, வாசனை சேர்த்து வைக்கிறாள். புரியில் கோவிந்தன் என்ற தொண்டன் இந்த மூட்டைகளைத் தனியே எடுத்து வைத்து, வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரிமாறுவான். இந்த அத்தியாயத்தைப் பட்டியல்தானே என்று தாண்டிப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த நூலின் பக்தி முழுவதும் அந்த மூட்டைகளில் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

பக்திவேதாந்தருக்கு மூட்டை கட்ட ஒரு தமயந்தி இல்லை. வீட்டை விட்டு வந்து, பிருந்தாவனத்தில் ராதா தாமோதர் கோயிலின் சின்ன அறையில் பாகவதத்தை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு தனியாக இருந்தவர். ஆனால் அவருக்குச் சமைக்கத் தெரியும். பென்சில்வேனியாவில் பட்லர் என்ற சிற்றூரில், முன்பின் பார்த்திராத ஓர் இந்தியப் பொறியாளரும் அவருடைய அமெரிக்க மனைவியும் அவரை ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் வீட்டு அடுக்களையில் மூன்றடுக்குப் பித்தளைக் குக்கரை வைத்துப் பருப்பும் சோறும் காய்கறியும் ஒரே தீயில் வேகவைத்தார். பிறகு நியூயார்க். குளிர்காலம். 72ஆம் தெருவில் அவர் இருந்த அறையில் சமைக்க இடம் கிடையாது. வேறோர் இடத்துக்குப் பனியில் நடந்துபோய்ச் சமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த அறையில் திருடன் புகுந்து டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டும் போனான்.

1966இல் செகண்ட் அவென்யூவில் 26ஆம் எண் கடையறை கிடைத்தது. இஸ்கான் எனப்படும் ஹரே கிருஷ்ணா இயக்கம் அங்கேதான் பிறந்தது. டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவில் மரத்தடியில் பாடியதையும் கவிஞர் ஆலன் கின்ஸ்பர்க் வந்து சேர்ந்துகொண்டதையும் எல்லோரும் எழுதிவிட்டார்கள். என் கணக்கில் அதைவிடப் பெரியது மத்தியானச் சாப்பாடு. போதை மருந்தும் பட்டினியுமாகத் திரிந்த பிள்ளைகளுக்கு அந்தக் கிழவர் தம் கையால் சமைத்து, தம் கையால் பரிமாறினார். சப்பாத்தி இடவும் பருப்பு தாளிக்கவும் சொல்லிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குத் தெருவே வந்தது. ஜீராவில் ஊறும் குலாப் ஜாமூன் ஒரு ஜாடி நிறைய எப்போதும் இருக்கும். அதற்கு அந்தப் பிள்ளைகள் ‘இஸ்கான் தோட்டா’ என்றே பெயர் வைத்தார்கள். அந்த வருஷம் தம் சீடர் ஒருவரின் கல்யாணத்துக்கு சுவாமியே நின்று சமைத்தார். அன்று கூடமாட உதவிய மணப்பெண்ணின் அக்கா பிறகு யமுனா தேவி ஆனார். 1987இல் அவர் எழுதிய தடித்த சைவச் சமையல் புத்தகம் அமெரிக்காவில் விருது வாங்கியது. உலகத்து இஸ்கான் கோயில்களில் காலையில் ஒலிக்கும் ‘கோவிந்தம்’ பாட்டும் அவர் குரல்தான்.

அடுப்படியில் சுவாமியின் கண்டிப்பு பெரிய கண்டிப்பு. குளித்துவிட்டு வா. உப்புப் பார்க்காதே. கிருஷ்ணன் அமுது செய்வதற்கு முன் மணம்கூடப் பிடிக்காதே. நம் பெருமாள் கோயில் திருமடைப்பள்ளியில் வாயைக் கட்டிக்கொண்டு தளிகை செய்கிறவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. புதிது வேறொன்று. இங்கே மடைப்பள்ளிக்குள் கால் வைக்கவே பிறப்பு வேண்டும். அவர் குளித்துவிட்டு வந்தவன் கையில் கரண்டியைக் கொடுத்தார். நேற்றுவரை மாட்டிறைச்சி தின்றவன், யூதன், கிறிஸ்தவன் யாராயிருந்தாலும் சரி. எல்லோரும் சமம் என்று பிரசங்கம் செய்வது எளிது. பெருமாளுக்குக் கண்டருளப்பண்ணும் சோற்றை யார் வடிக்கலாம் என்ற கேள்வியில்தான் ஒருவருடைய நம்பிக்கை தெரியும். அவருக்குப் பின் அந்த இயக்கத்தில் நடந்த தவறுகளை, முக்கியமாகக் குருகுலங்களில் குழந்தைகள் பட்ட கொடுமைகளை நான் மறக்கவில்லை. மன்னிக்கவும் எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் அந்தக் கரண்டியைக் கொடுத்த கையை நான் கும்பிடுகிறேன்.

அந்தக் கையில் நம் காவிரிக்கும் ஒரு பங்கு உண்டு. சைதன்யர் தெற்கே வந்தபோது ஒரு மழைக்காலம் நான்கு மாதம் ஸ்ரீரங்கத்தில் வேங்கட பட்டர் வீட்டில் தங்கினார். அவருக்குப் பணிவிடை செய்த அந்த வீட்டுப் பிள்ளைதான் கோபால பட்டர். வளர்ந்தபின் பிருந்தாவனம் போய், சைதன்யர் மரபின் ஆறு கோஸ்வாமிகளில் ஒருவரானார். அவருடைய ராதாரமணர் கோயில் மடைப்பள்ளியில் அவர் மூட்டிய தீ இன்றுவரை அணையவில்லை என்கிறார்கள் அக்கோயிலார். அங்கே தீக்குச்சிக்கு வேலை இல்லை. பக்திவேதாந்தர் அமெரிக்காவுக்குப் புறப்பட்டதும் அதே பிருந்தாவனத்திலிருந்துதான்.

1967இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெண் சீடர், இறக்குமதிப் பொருள் விற்கும் கடையொன்றில் சின்ன மரப்பொம்மை ஒன்றைப் பார்த்து எடுத்துவந்து சுவாமியிடம் காட்டினார். அவர் கைகூப்பி விழுந்து வணங்கினார். அது புரி ஜகந்நாதர். அந்த ஜூலையிலேயே ஒரு லாரியைத் தேராக்கி அந்த ஊரில் ரதயாத்திரை நடத்தினார்கள். இன்று உலகத்தின் எத்தனையோ நகரங்களில் ஜகந்நாதருக்குத் தேர் ஓடுகிறது, தினமும் தளிகை ஆகிறது. அதைச் செய்கிற வெள்ளைக்காரரும் கறுப்பரும் புரிக்கு வந்தால் கோயிலுக்குள் விடமாட்டார்கள். வாசலோடு நிற்க வேண்டியதுதான்.

இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்த, சைதன்யரின் அடியார் ஹரிதாசரும் அந்தக் கோயிலுக்குள் போனதில்லை. சைதன்யர் தினமும் அவர் இருப்பிடம் தேடிப்போய்ப் பார்த்தார், கோவிந்தன் கையில் பிரசாதம் கொடுத்தனுப்பினார். 500 வருஷத்துக்கு முன்பு அதற்குமேல் செய்ய முடிந்திருக்காது. இப்போது முடியும். ஜகந்நாதருக்குச் சமைக்கத் தகுதியுள்ளவர்களுக்கு அவரைப் பார்க்கவும் தகுதி உண்டு. புரி கோயிலை நடத்துகிறவர்கள் அந்த வாசலைத் திறந்துவிட வேண்டும்.