இயக்குநர் வேண்டாம் என்றார்... பாடகியும் வேண்டாம் என்றார்! 'டைட்டானிக்' பாட்டு பிறந்த கதை

'டைட்டானிக்' படம் முடிந்து திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கும்போது, ஒரு பெண் குரல் மெல்லப் பாட ஆரம்பிக்கும். கைக்குட்டையோடு எழுந்து போகிறவர்களையும் வாசலில் ஒரு நிமிடம் நிற்கவைக்கிற பாட்டு. செலின் டியான் பாடிய 'மை ஹார்ட் வில் கோ ஆன்'. ஆங்கிலமே தெரியாதவர்களுக்கும் அந்த மெட்டு தெரியும்.

ஆனால், அந்தப் பாட்டு படத்தில் இருக்கவே கூடாது என்றவர் யார் தெரியுமா? படத்தின் இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன்!

நம்மூரில் பாட்டு இல்லாமல் படம் வந்தால்தான் செய்தி. ஹாலிவுட்டில் வழக்கம் வேறு. கதை முடிந்து பெயர்கள் ஓடும்போது ஒரு பாட்டைச் சேர்த்து, அதை வைத்து கேசட்டும் சிடியும் விற்பார்கள். கேமரூனுக்குப் பிடிக்காதது இதுதான். 1912 ஏப்ரலில் சுமார் 1,500 பேர் நிஜமாகவே செத்துப்போன விபத்து அது. அதன் முடிவில் ஒரு காதல் பாட்டு ஒலித்தால், சாவை வைத்துக் காசு பார்க்கிறார்கள் என்று ஊர் பேசாதா?

அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. படத்தின் செலவு 20 கோடி டாலரைத் தொட்டிருந்தது. 1997 ஜூலையில் வர வேண்டிய படம் டிசம்பருக்குத் தள்ளிப்போனது. கப்பலைப் போலவே படமும் மூழ்கும் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன.

இசையமைப்பாளர் ஜேம்ஸ் ஹார்னருக்கோ அடிவயிற்றில் வேறொரு கவலை. 1986-ல் 'ஏலியன்ஸ்' படத்தில் இருவரும் சேர்ந்து வேலை பார்த்தபோது, இசைக்குப் போதிய நேரம் கிடைக்காமல் பெரிய மனஸ்தாபமாகிவிட்டது. பத்து வருடம் கழித்துத்தான் 'டைட்டானிக்' அவர்களை மறுபடி சேர்த்துவைத்தது. இந்த நேரத்தில் இயக்குநர் வேண்டாம் என்றதை அவருக்குத் தெரியாமல் செய்தால் என்ன ஆகும்?

ஹார்னர் செய்தார்.

கதாநாயகி ரோஸுக்காக அவர் ஏற்கெனவே ஒரு மெட்டு போட்டிருந்தார். படம் நெடுக நார்வே பாடகி சிஸெலின் குரலில் சொற்களே இல்லாமல் வருவது அதுதான். அந்த மெட்டைத் தூக்கிக்கொண்டு பாடலாசிரியர் வில் ஜென்னிங்ஸிடம் ரகசியமாகப் போனார். ஜென்னிங்ஸ் சாதாரண ஆள் இல்லை. எரிக் கிளாப்டனோடு சேர்ந்து 'டியர்ஸ் இன் ஹெவன்' எழுதியவர்.

ஜென்னிங்ஸ் அந்தக் காதல் ஜோடியை நினைத்து எழுதவில்லை. நூறு வயதை நெருங்கிய ஒரு பாட்டி, கண்ணை மூடிக்கொண்டு பழசை நினைத்துப் பார்ப்பதாக வைத்து எழுதினார். அப்போது அவர் மனதில் இருந்தவர், முன்பு ஒருமுறை நேரில் சந்தித்திருந்த பியாட்ரிஸ் வுட். கலிபோர்னியாவில் வாழ்ந்த மண்பாண்டக் கலைஞர், நூறு வயது தாண்டியும் களிமண்ணைக் கையிலிருந்து விடாதவர். வேடிக்கை என்னவென்றால், படத்தில் வரும் வயதான ரோஸை உருவாக்கும்போது கேமரூன் மனதில் வைத்திருந்ததும் இதே பியாட்ரிஸைத்தான்!

வரிகள் தயார். பாட ஆள் வேண்டுமே? லாஸ் வேகஸில் இருந்த செலின் டியானையும் அவர் கணவர் ரெனே ஆஞ்செலிலையும் தேடிப் போனார் ஹார்னர். பியானோவில் உட்கார்ந்து தானே பாடிக் காட்டினார். அவர் பெரிய இசையமைப்பாளர். பெரிய பாடகர் இல்லை. ஹார்னருக்குத் தெரியாமல், 'வேண்டவே வேண்டாம்' என்று கணவருக்கு சைகை காட்டினார் செலின். 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' உட்பட சினிமாவுக்கு அவர் பாடியவை ஏற்கெனவே ஹிட். கிடைத்த அதிர்ஷ்டம் போதும், இன்னொரு தடவை சோதித்துப் பார்ப்பானேன் என்பது அவர் எண்ணம்.

ரெனே வேறு மாதிரி யோசித்தார். கனடாவில் பன்னிரண்டு வயதுச் சிறுமியாக செலின் பாடியதைக் கேட்டு, தன் வீட்டை அடமானம் வைத்து முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தவர் அவர். "சும்மா ஒரு டெமோ பாடிப் பார்க்கலாமே" என்கிற அளவில் மனைவியைச் சம்மதிக்க வைத்தார்.

நியூயார்க் ஸ்டூடியோவில் அன்றைக்கு செலினுக்கு வயிற்று வலி வேறு. பாடுவதற்கு முன் வழக்கமாகத் தொடாத காபியைக் குடித்துவிட்டு மைக் முன் நின்றார். ஒரே தடவைதான் பாடினார்.

அந்த ஒரே தடவைதான் உலகம் கேட்டது. பிறகு ஆர்க்கெஸ்ட்ராவைத்தான் அந்தக் குரலைச் சுற்றிக் கட்டினார்கள். குரலைத் திரும்பப் பதிவு செய்யவில்லை. இது தெரிந்தபின் கேட்டால் பாட்டே கொஞ்சம் வேறாகக் கேட்கும். ஆரம்பத்தில் அந்தக் குரல் யாரையும் அசத்தப் பார்ப்பதில்லை. கிட்டத்தட்ட ரகசியம் பேசுகிறது. டிரம்ஸ் வந்து, கடைசிப் பல்லவியில் சுருதி சட்டென்று மேலேறும்போதுதான் முழுக் குரலும் திறக்கிறது. இந்த வகைப் பாட்டுகளில் அந்தச் சுருதி ஏற்றம் பழகிப்போன உத்திதான். ஆனாலும் மயிர்க்கூச்செறியாமல் கேட்டவர்கள் குறைவு.

இனிதான் பெரிய கண்டம். டேப்பை வைத்துக்கொண்டு, கேமரூன் நல்ல மனநிலையில் இருக்கும் ஒரு நாளுக்காக ஹார்னர் காத்திருந்தார். ஒருநாள் போட்டுக் காட்டினார். கேமரூன் திரும்பத் திரும்பக் கேட்டார். சரி என்றார்.

மற்றது ஊரறிந்தது. 1998 மார்ச் 23 ஆஸ்கர் மேடையில் படத்துக்கு 11 விருதுகள். அதில் இரண்டு ஹார்னருக்கு. பாட்டுக்கான விருதை ஜென்னிங்ஸோடு பகிர்ந்துகொண்டார். பியாட்ரிஸ் வுட் அதைப் பார்க்க இல்லை. 11 நாள் முன்புதான், 105 வயதில் காலமாகியிருந்தார்.

பாட்டு எங்கும் ஒலித்து ஒலித்து, பலருக்குத் திகட்டியும் போனது. ரோஸாக நடித்த கேட் வின்ஸ்லெட்டே, அதைக் கேட்டால் வாந்தி வருகிறது என்று பேட்டியில் சொன்னார்! எங்கே போனாலும் அவரைப் பார்த்ததும் அதையே போட்டால் பாவம், அவர்தான் என்ன செய்வார்?

2015 ஜூனில், தானே ஓட்டிச்சென்ற சிறிய விமானம் விழுந்து ஹார்னர் இறந்தார். அடுத்த ஜனவரியில் ரெனேவைப் புற்றுநோய் கொண்டுபோனது. 2017 மே மாதம், படத்தின் 20-ம் ஆண்டையொட்டி, பில்போர்டு விருது விழா மேடையில் வெள்ளை உடையில் நின்று செலின் அந்தப் பாட்டைப் பாடினார். விழா நடந்த ஊர், ஹார்னர் பியானோவில் உட்கார்ந்து பாடிக் காட்டிய அதே லாஸ் வேகஸ்.