169.254-ன்னு வந்தா என்ன அர்த்தம்?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கோயில் நம்மளுது. ரப்பர் போயி செம்பனை வந்தாச்சு. லயத்துச் சனம் ஈப்போ, கோலாலம்பூர்னு போயாச்சு. தைப்பூசத்துக்குத்தான் திரும்பி வர்றாங்க. பால்குடம் எடுக்கிறவங்க பேரெல்லாம் ஆபீஸ் கணினியில.

முதல் நாள் சாயங்காலம் சீட்டு கவுண்டர் கணினிக்கு ஆபீஸ் கணினி தெரியவே இல்ல. வரிசை வாசலைத் தாண்டிருச்சு. "புதுசு வாங்கிடலாம்"னு ஒரு குரல். காசு என்ன மரத்துலயா காய்க்குது?

கறுப்புத் திரையில ஐபிகான்ஃபிக் அடிச்சுப் பார்த்தோம். 169.254-ல ஆரம்பிக்கிற முகவரி. ரவுட்டர் கிட்டயிருந்து முகவரி கிடைக்காதப்ப விண்டோஸ் தானே போட்டுக்கிறது அது. ஆபீஸ்ல இருக்கிறதோ 192.168. மேசை சுவிட்ச்ல இந்தக் கணினி செருகின துளையில விளக்கு எரியுது, ஆபீஸுக்குப் போற துளையில எரியல. அப்ப கணினி மேல பழி இல்ல, நடுவுல ஓடுற வயர்தான்.

மண்டபக் கூரையில ஏறினா, எலி கடிச்சிருக்கு. (பிள்ளையார் வாகனத்தை யாரு திட்டுறது!) புது வயர் இழுத்ததும் 192.168 வந்திருச்சு. "எம் பேத்தி பேரு இருக்காய்யா?"ன்னு நின்ன பாட்டிக்குத்தான் முதல் சீட்டு.

வயரைக் குழாய்க்குள்ள விடணும். பழைய பிளாஸ்டிக் குழாய் வச்சிருக்கிறவங்க சொல்லுங்க, நாங்களே வந்து எடுத்துக்கிறோம்.