கரியும் கடல்நீரும்

தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த என் தந்தையார், பணியின் பொருட்டுத் தில்லிக்கு வந்தார். தம் ஊர்க் கடலை மறக்க இயலாத அவர், ராமகிருஷ்ணபுரத்து வீட்டின் கூடத்தில் ஒரு சிறு கடலை அமைத்தார். அஃது 200 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி. வடிகட்டிய நீரில், லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கடலுப்புக் கலவையைக் கரைத்து நிரப்பினார். செம்மஞ்சள் உடலில் வெண்பட்டைகள் கொண்ட இரண்டு கோமாளி மீன்கள் அதில் நீந்தின. அவை கடலில் பிடிபட்டவை அல்ல, பொரிப்பகத்தில் பிறந்தவை. இம்மீன்களைப் பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையை, மண்டபத்தில் இயங்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கியுள்ளனர்.

சில வாரங்களில் உணவின் எச்சமும் மீன்களின் கழிவும் நீரை மஞ்சளாக்கின. தந்தையார் கரித்துண்டுகளை ஒரு வலைப்பையில் இட்டு, தூசி நீங்கக் கழுவி, வடிகட்டியினுள் வைத்தார். இரண்டு நாளில் நீர் பளிங்குபோல் ஆயிற்று.

“அப்பா, கரி கறுப்பாயிற்றே! அது நீரை எப்படித் தெளிவாக்கும்?” என்று வியந்து கேட்டேன்.

“இது அடுப்புக்கரி அன்று. தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி, கடும் வெப்பத்தில் நீராவியைச் செலுத்தி ஆக்கிய கிளர்வூட்டப்பட்ட கரி. நம் கொங்கு நாட்டிலும் இதனை ஆக்கும் ஆலைகள் உள்ளன. இதனுள் எண்ணற்ற நுண்துளைகள் இருக்கின்றன. ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்தால், ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் வரும். நிறமும் நாற்றமும் தரும் பொருள்கள் அத்துளைச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். ஊரில் பாட்டி தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைப்பார் அல்லவா? அது கலங்கலை அடியில் படியவைக்கும், இது நீரில் கரைந்திருப்பதைப் பற்றிக்கொள்ளும்” என்றார்.

முதல் உலகப்போரில் வீரர்களை நச்சுக்காற்றிலிருந்து காத்த முகமூடிகளிலும் சிரட்டைக்கரி இருந்தது என்று அவர் கூறியபோது, அக்கரியின்மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டாயிற்று.

நான் எட்டாம் வகுப்பில் பயின்றபோது, மீன்களின் உடலில் உப்புப்பரல்போல் வெண்புள்ளிகள் தோன்றின. தந்தையார் கரிப்பையை வெளியே எடுத்துவிட்டு, நீரில் மருந்து கலந்தார். “நான் திரும்பும்வரை கரியை உள்ளே வைக்காதே” என்று சொல்லி, அலுவல் நிமித்தம் வெளியூர் சென்றார்.

மருந்தால் நீர் பச்சை நிறமாயிற்று. ஞாயிறன்று என் நண்பர்கள் தொட்டியைக் காண வருவதாக இருந்தது. மங்கிய நீரை அவர்களுக்குக் காட்ட எனக்கு மனமில்லை. யாரும் அறியாமல் கரிப்பையை உள்ளே வைத்தேன். நீர் தெளிந்தது, நண்பர்கள் பாராட்டினர். செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு மீன் அடிமணலில் இறந்து கிடந்தது.

அன்று மாலை திரும்பிய தந்தையாரிடம், நடந்ததை அழுதுகொண்டே சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. கரிப்பையை எடுத்து என் கையில் வைத்து, “எது நஞ்சு, எது மருந்து என்று கரிக்குத் தெரியாது, தம்பி. அதை அறிய வேண்டியவர்கள் நாம்தாம்” என்றார்.

மீண்டும் மருந்து இட்டோம். மற்றொரு மீன் பிழைத்தது. நோய் நீங்கியபின், நீரில் எஞ்சிய மருந்தை அகற்றப் புதிய கரியைத் தந்தையாரே வைத்தார். அதே வகைக் கரிதான். வைத்த காலம்தான் வேறு.

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகாது என்பதையும் பின்னர் அறிந்தேன். மீன்களைக் கொல்லும் அம்மோனியாவுக்கு நிறமில்லை. இக்கரி அதனை நீக்குவதும் இல்லை. நுண்துளைகள் நிரம்பிவிட்டால் கரியும் பயனற்றுப் போகும். ஆகவே இன்று என் வீட்டுத் தொட்டியின் அருகில் ஒரு குறிப்பேடு வைத்துள்ளேன். கரி மாற்றிய நாளையும் நீரைச் சோதித்த நாளையும் அதில் எழுதுகிறேன். அதன் முதல் பக்கத்தில், அன்று இறந்த மீனின் படத்தை வரைந்திருக்கிறேன்.

சொற்பொருள்
பொருட்டு – காரணமாக
சிரட்டை – கொட்டாங்கச்சி
பரல் – சிறு கல்
கடிந்து – கண்டித்து

சிந்தித்து எழுதுக
1. தேற்றாங்கொட்டைக்கும் கரிக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. தந்தையார் கரியை எடுத்துவிட்டு மருந்து கலந்தது ஏன்?
3. நீங்கள் செய்த பிழை ஒன்றைப் பெற்றோரிடம் ஒப்புக்கொண்ட நிகழ்வைப் பத்து வரிகளில் எழுதுக.