விரும்பி ஏற்ற களைப்பு

களைப்பு என்னும் சொல்லை நாம் எல்லாவற்றுக்கும் பொதுவாகவே வழங்கி வருகிறோம். நாள் முழுவதும் வெங்காயப் பாத்தியிற் குனிந்து புல்லுப் பிடுங்கியவளும் களைத்தாள் என்கிறோம். விடியற்காலையில் 20 கிலோமீற்றர் ஓடிவிட்டு வந்தவனும் களைத்தான் என்கிறோம். தசைகளைக் கேட்டால் அவை இரண்டுக்குமிடையே பெரிய வேறுபாடு சொல்லமாட்டா. வியர்வையின் உப்பும் ஒன்றே. ஆயினும் இவ்விரு களைப்புக்களும் ஒன்றல்ல. வார இறுதிகளில் ஓடியும் சைக்கிள் மிதித்தும் வரும் ஓர் அமெச்சூர் என்ற முறையில் நான் கற்றுக்கொண்ட பாடம் இதுவேயாகும்.

அமெச்சூர் என்ற சொல் 'நேசிப்பவன்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்து, பிரெஞ்சு மொழி வழியே ஆங்கிலத்துக்கு வந்தது. தேர்ச்சி குறைந்தவன் என்ற ஏளனப் பொருள் அதற்குப் பின்னரே ஏறியது. சொல்லின் மூலப் பொருளிலேயே நான் அமெச்சூர். மரதன் ஓட்டத்தின் 42.195 கிலோமீற்றரை முடிக்க எனக்கு நாலரை மணித்தியாலம் வேண்டும். பரிசுக்கும் எனக்கும் எவ்விதத் தொடர்புமில்லை. ஐந்து நாட்கள் பாடசாலையிற் கற்பித்துவிட்டு, ஆறாம் நாள் காலை விரும்பிக் களைக்கப் புறப்படுகிறேன், அவ்வளவே.

சனிக்கிழமை அதிகாலை நாலரை மணிக்குக் கோண்டாவிலிற் புறப்பட்டுப் பலாலி வீதியால் வடக்கே ஓடுவது வழக்கம். உரும்பிராய் கடந்ததும் செம்மண் தோட்டங்கள் தொடங்கிவிடும். வெயில் ஏறுமுன் ஓடி முடித்துவிடவேண்டும் என்பது எங்கள் தரைக்குரிய விதி. காற்றில் ஈரப்பதன் மிகுந்தால் வியர்வை ஆவியாவது தடைப்படும். உடலின் வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கும். ஆனால் அந்நேரத்தில் வீதியில் நான் தனியனல்லன். நீரிறைக்கும் இயந்திரங்களின் ஓசை இருட்டிற் கேட்டுக்கொண்டிருக்கும். கூலி வேலைக்குச் செல்லும் பெண்கள் தலையிற் கட்டிய துணியோடு சைக்கிளிற் செல்வர். அவர்களும் அன்று களைக்கப் போகிறவர்களே.

ஒரு நாள் வேலியோரம் நின்ற முதிய அம்மா ஒருவர் பதறிப்போய் என்னை மறித்தார்.

"என்ன தம்பி, ஆருக்கென்ன? ஏன் ஓடுறியள்?"

"ஒண்டுமில்லை அம்மா, சும்மா ஓடுறன்."

"சும்மாவோ?"

அவர் முகத்தில் தோன்றியது வியப்பு மட்டுமன்று. ஓட்டம் என்றால் ஏதோ நடந்துவிட்டது என்றே அவருடைய தலைமுறை அறியும். குண்டு விழுந்தால் ஓடினார்கள். இராணுவம் வருகிறது என்றால் ஓடினார்கள். காரணமின்றி ஒருவன் ஓடுவதும், ஓடிவிட்டுச் சிரித்துக்கொண்டு வீடு திரும்புவதும் அந்த அகராதியில் இல்லாத பொருள்கள்.

சைக்கிளும் அவ்வாறானதே. 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடை நிலவிய யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பெற்றோல் கிடைத்தற்கரியது. விறகும் மண்ணெண்ணெயும் நோயாளியும் சைக்கிளிலேயே சென்ற காலம் அது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கையாற் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்த இரவில், தந்தையார் தமது சைக்கிளில் அரிசி மூட்டையையும் தங்கையையும் வைத்து உருட்டினார். எனக்கு அப்போது 12 வயது. இன்று நாற்பது நிமிடத்திற்குள் நான் மிதித்துக் கடக்கும் அதே வீதியில், மழைக்கும் சன நெரிசலுக்கும் நடுவே, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து கைதடியை அடையுமுன் பொழுது விடிந்துவிட்டது. அன்று எவரும் எங்கள் நேரத்தைக் குறிக்கவில்லை. முடிவிடமும் எங்கே என்று தெரிந்திருக்கவில்லை. விதிக்கப்பட்ட களைப்பின் இலக்கணம் அதுதான்: அதனைத் தொடங்கும் உரிமையும் நிறுத்தும் உரிமையும் களைப்பவரிடம் இருப்பதில்லை.

அலன் சிலிற்றோ 1959இல் வெளியிட்ட புகழ்பெற்ற கதையொன்று நெடுந்தூர ஓட்டக்காரனின் தனிமையைத் தலைப்பிலேயே கொண்டது. சீர்திருத்தப் பள்ளியில் அடைபட்ட இளைஞனொருவன், அதிகாரிகளின் பெருமைக்காக ஓட விரும்பாமல், வெல்லக்கூடிய ஓட்டத்தை வேண்டுமென்றே தோற்கிறான். நிறுத்தும் உரிமையே அவனுடைய விடுதலை. அக்கதையின் அறத்தை நான் ஏற்கிறேன். ஆனால் தனிமை என்ற சொல் என் போன்றோருக்குப் பொருந்துமா என்பதே ஐயம். குடும்பஸ்தன் ஒருவன் தனியே ஓடும் இரண்டரை மணித்தியாலத்தில், வீட்டில் அவனுடைய பங்கு வேலையை இன்னொருவர் செய்துகொண்டிருக்கிறார். அந்த நேரம் எங்கிருந்தோ விளைந்ததன்று, கடனாகப் பெற்றது.

நான் மரதன் பயிற்சியைத் தொடங்கியபோது மனைவி விதித்த நிபந்தனை ஒன்றே. அவரும் என்னைப் போல ஆசிரியர்.

"ஓடப் போறதெண்டால் போங்கோ. ஆனா அந்தக் களைப்பை வீட்டுக்குக் கொண்டு வராதேங்கோ."

முதலில் இது பகிடியாகவே எனக்குப் பட்டது. பின்னர் சிந்திக்கச் சிந்திக்க, விளையாட்டு நூல்கள் பலவற்றில் இல்லாத நுட்பம் அதிலிருப்பது தெரிந்தது. நான் விரும்பி ஏற்ற களைப்பு, நான் வந்து சாய்நாற்காலியிற் படுத்த மாத்திரத்தில், அவர்மீது விதிக்கப்பட்ட களைப்பாக மாறிவிடுகிறது. ஒரே களைப்புத்தான், கை மாறும்போது அதன் குணம் மாறுகிறது.

பெண்களின் களைப்பை உலகம் கணக்கிட்ட விதமும் விசித்திரமானது. 1928ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 800 மீற்றர் ஓட்டம் நடந்தது. ஓடியோர் களைத்து விழுந்தனர், இத்தூரம் பெண்ணுடலுக்கு ஒவ்வாது என்ற கூக்குரல் எழ, 1960 வரை அவ்வோட்டம் ஒலிம்பிக்கில் மீண்டும் இடம்பெறவில்லை. ஆண்களுக்கு 1896இலேயே தொடங்கிய ஒலிம்பிக் மரதன் பெண்களுக்கு 1984இலேதான் கிடைத்தது. அதில் வென்ற ஜோன் பெனொய்ற் எடுத்த நேரம் 2 மணித்தியாலம் 24 நிமிடம் 52 செக்கன். மைதானத்திற் பெண் களைப்பது கண்டு கலங்கிய அக்கனவான்கள், குடிநீர் சுமப்பவளும் ஆடை துவைப்பவளும் களைப்பது கண்டு எந்தத் தடையும் விதித்ததாகத் தெரியவில்லை.

ஆகவே எங்கள் வீட்டில் ஒரு முறைமை உண்டு. சனிக்கிழமை காலை என்னுடையது. ஞாயிறு காலை மனைவியினுடையது. "எனக்கு ஓடத் தேவையில்லை, கிழமையிலை ஒருநாள் ஏழு மணி மட்டும் படுத்தால் காணும்" என்பது அவர் கேட்ட பரிசு. அன்று அம்மாவுக்குத் தேநீர், பிள்ளைகளுக்குப் புட்டும் சம்பலும், திருநெல்வேலிச் சந்தை, கிணற்றடி உடுப்பு, மத்தியானச் சமையல் எல்லாம் என் பொறுப்பு. முதல்நாள் ஓடிய கால்களோடு தேங்காய் திருவுவதும் ஒருவகைப் பயிற்சியே. உடலில் வெப்பம் ஏறிய பின்னும் வேகத்தைச் சீராக வைத்திருக்க வேண்டும் என்ற விதி அடுப்படிக்கும் பொருந்தும்.

பிற்பகல் மூன்றரைக்கே சைக்கிள். பண்ணைத் தாம்போதியில் ஏறியதும் இருபுறமும் கடல். சோளகக் காலத்தில் வேலணை நோக்கிச் செல்லும்போது காற்று நெஞ்சில் அடிக்கும். மணிக்கு 15 கிலோமீற்றர் போவதே பெரும்பாடு. புங்குடுதீவுத் தாம்போதியருகே நின்று திரும்பினால், எதிர்த்த அதே காற்று முதுகிற் கைவைத்துத் தள்ளும். விளக்கேற்றும் நேரத்துக்குள் வீட்டில் நிற்கவேண்டும்; வினாத்தாள் திருத்தக் காத்திருக்கும்.

நீண்ட ஓட்டத்துக்குப் பின் அம்மா தருவது பழந்தண்ணி: முதல்நாட் சோற்றில் ஊறிய நீர், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. 2002ஆம் ஆண்டு பொஸ்ரன் மரதனில் 488 பேரின் குருதியைப் பரிசோதித்த ஆய்வாளர், அவர்களுள் 13 சதவீதத்தினரிடம் சோடியம் அளவுக்குக் கீழே குறைந்திருக்கக் கண்டனர். ஓட்டத்தின்போது மிதமிஞ்சி நீர் குடித்தமை அதற்கு முக்கிய காரணமாயிருந்தது. இவ்வாய்வு 2005இல் வெளிவந்தது. தோட்ட வேலைக்குப் போனவர்களுக்கு உப்பிட்ட கஞ்சி ஊற்றிய கைகளுக்கு, இழந்தது நீர் மட்டுமன்று என்பது முன்பே தெரிந்திருந்தது.

இப்போது 12 வயதாகும் மகள் சனிக்கிழமைகளில் முதல் 2 கிலோமீற்றர் என்னோடு ஓடி வருகிறாள். விடியாத வேளையிற் பெண்பிள்ளையை ஓட விடலாமா என்று அயலிற் பேச்செழுந்தது. 1995இல் அந்த வீதியிலே பிள்ளைகளைக் கையிற் பிடித்துக்கொண்டு சென்றவர் என்பதால், அம்மா மறுப்பார் என்றே நான் எண்ணியிருந்தேன். அவரோ சொன்னார்:

"ஓடட்டும் விடு தம்பி. திரும்பி வாறதுக்குத்தானே ஓடுறாள்."

விரும்பி ஏற்ற களைப்புக்கு இதனிலும் சுருக்கமான வரைவிலக்கணத்தை நான் அறியேன். விரும்பியபோது புறப்படவும், போதுமென்றபோது நிற்கவும், நின்றபின் திரும்பிச் செல்லவும் ஒரு வீடு இருப்பவரே அதனை ஏற்கமுடியும். அந்த வாய்ப்பு எங்கள் மண்ணில் எல்லாருக்கும் எக்காலத்தும் இருந்ததன்று. தோட்டத்துக்குச் செல்லும் அந்தப் பெண்களுக்கு இன்றும் முழுமையாக வந்துவிடவில்லை. அது வந்து சேரும்வரை, ஓடுபவன் தன் களைப்பைத் தானே சுமந்து வீட்டுக்குள் நுழைவதே குறைந்தபட்ச நியாயமாகும்.