சிங்கம் பார்க்கக் கிளம்பி...

ஆபீஸில் என் பக்கத்து சீட்டுக்காரனுக்குத் திடீரென்று சிங்கம் பார்க்கும் ஆசை வந்துவிட்டது.

"கொடைக்கானல் போதும் மாப்ள. எத்தனை தடவைதான் அதே ஏரியில படகு விடுறது? நமீபியா போவோம்" என்றான், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில்.

"அது எங்கடா இருக்கு? வத்தலக்குண்டுக்கு அந்தப் பக்கமா?"

"தென்னாப்பிரிக்காவுக்கு மேல!"

மறுநாளே பிளானிங் ஆரம்பம். மேனேஜர் தலை தெரிந்தால் கம்ப்யூட்டரில் எக்ஸெல். மறைந்தால் யானை.

விஷயம் தெரியத் தெரிய எனக்கும் ஜுரம் ஏறிவிட்டது. நமீபியா தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்கு பெரிசு. ஜனத்தொகையோ சுமார் 30 லட்சம்தான். நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே 2011 கணக்குப்படி 21 லட்சத்துக்கு மேல்! வடக்கே எட்டோஷா தேசியப் பூங்கா, 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஜூனிலிருந்து அக்டோபர் வரை அங்கே வறண்ட காலம். அப்போது போனால் மிருகத்தைத் தேடி அலைய வேண்டாம். குட்டை ஓரமாக வண்டியை நிறுத்தி, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். யானை, வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் தானே வந்து சேரும், தண்ணி லாரியைக் கண்ட குடங்கள் மாதிரி!

தெற்கே இறங்கினால் சோசுஸ்ஃப்ளே பாலைவனம். முந்நூறு மீட்டர் உயரத்துக்குக்கூட மணல் மேடுகள் உண்டு. மணலில் இருக்கும் இரும்பு துருவேறி எல்லாம் சிவப்பு. பக்கத்திலேயே டெட்ஃப்ளே. பல நூறு வருஷத்துக்கு முன் செத்த மரங்கள், மட்கிப்போகக்கூட ஈரமில்லாமல் கறுப்பாக நிற்கின்றன.

அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் வண்டி ஓட்ட வேண்டும். ஆனால் பெரும்பாலும் சரளைக்கல் ரோடு. போகிற வழியில் விமானம் எந்த நாட்டில் இறங்கி ஏறுகிறது என்பதைப் பொறுத்து மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் கேட்பார்கள். முக்கியமாக ஒரு எச்சரிக்கை: இருட்டிய பிறகு வண்டி ஓட்டாதே, மிருகம் குறுக்கே வரும்.

எல்லாம் சரி, பணம்? கூட்டிப் பார்த்ததில் ஆளுக்கு மூன்று லட்சத்தைத் தொட்டது. மூன்று வருஷச் சேமிப்பைத் தட்டிக் கொட்டியதில் ஆளுக்கு ஒண்ணரை தேறியது. பாதி வழியில் இறக்கிவிடச் சொல்ல முடியுமா?

அந்தச் சனிக்கிழமை, திருச்சி ரோட்டில் வடமதுரை தாண்டி, அய்யலூர்ப் பக்கம் இருக்கும் சித்தப்பா தோட்டத்துக்குப் போயிருந்தோம். எங்கள் சோகக் கதையைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"ராத்திரி மிருகம் பாக்க அம்புட்டுத் தூரமாடா? நம்ம வேலியில தேவாங்கு இருக்கு, வாங்க."

எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயரே அதுதான். அப்போது நான் அவ்வளவு ஒல்லி.

நமீபியாவிலிருந்து எட்டு சிவிங்கிப்புலிகள் 2022 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்கு வந்தது நினைவிருக்கிறதா? டி.வி. முன்னால் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோமே! அடுத்த மாதமே இந்தியாவின் முதல் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தார்கள். எங்கே? நம் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில், கடவூர் மலைப்பகுதியைச் சேர்த்து 11,806 ஹெக்டேர். நான் அந்தச் செய்தியைப் படித்ததாகக்கூட ஞாபகமில்லை.

நாங்கள் காட்டுக்குள் போகவில்லை. அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். சித்தப்பாவின் சொந்தக் கிளுவை வேலிதான். ஆப்பிரிக்காவில் இரவு சவாரி போகும்போது சிவப்பு விளக்குதான் அடிப்பார்களாம், மிருகத்தின் கண் கூசாமல் இருக்க. பக்கத்து சீட்டு படித்து வைத்திருந்தான். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றிக்கொண்டோம்.

முக்கால் மணி நேரம் கொசுக்கடி. அப்புறம், கிளைக்கு நடுவே இரண்டு நெருப்புத் துண்டுகள்!

ஒரு சாண் உடம்பு. கால் கிலோ தேறினால் அதிகம். வால் கிடையாது. குச்சி குச்சியாகக் கைகால். ஒவ்வொரு கிளையாகப் பிடித்துப் பிடித்து, அவசரமே இல்லாமல் நகர்ந்தது. சட்டென்று ஒரு கை நீண்டது. பூச்சி ஒன்று வாய்க்குள் போனது. பக்கத்து சீட்டு என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தான். எட்டோஷாவே வந்த மாதிரி எனக்கு நெஞ்சு படபடத்தது.

"இதுக்குத் தாவத் தெரியாதுடா" என்றார் சித்தப்பா. "கிளைக்குக் கிளை தொட்டாத்தான் போகும். நடுவுல இடைவெளி இருந்தா கீழ எறங்கணும். எறங்குச்சுன்னா நாய், இல்லேன்னா ரோட்டுல வண்டி."

இருட்டிய பிறகு வண்டி ஓட்டாதே, மிருகம் குறுக்கே வரும்... அந்த எச்சரிக்கை நமீபியாவுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். இதே ரோட்டில் ராத்திரி எத்தனை தடவை பைக்கை விரட்டியிருப்பேன்!

சித்தப்பா சாவகாசமாக அடுத்த குண்டைப் போட்டார். "அடுத்த மாசம் இந்த வேலிய எடுத்துட்டு, கல்லுக்கால் ஊன்றி கம்பிவேலி போடப் போறேன்."

"சித்தப்பா! அப்ப தேவாங்கு?"

"மாடு புகுந்து கடலையத் திங்குதுடா. உன் தேவாங்கு வந்து காவல் காக்குமா?"

நியாயம்தானே? நஷ்டம் அவருக்கு, ரசிப்பு எங்களுக்கு! ராத்திரி பதினொரு மணி வரை பஞ்சாயத்து நடந்தது. கடைசியில் ஒரு உடன்படிக்கை. வேலியில் ஓட்டை விழுந்த இடத்தில் எல்லாம் நாங்களே கிளுவைப் போத்து நட்டு, முள் அடைத்துத் தர வேண்டும். ஒரு வருஷம் மாடு வராவிட்டால் வேலி பிழைக்கும். வந்தால், கம்பிவேலிக்குப் பணம் எங்கள் ஆப்பிரிக்கா நிதியிலிருந்து!

நான்கு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. கை முழுக்க முள். போத்துகளில் பாதி துளிர்த்திருக்கிறது. நமீபியா பிளானையும் கைவிடவில்லை, தள்ளித்தான் வைத்திருக்கிறோம். அதுவரை சிவப்பு மணலுக்குத் திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காடு இருக்கிறது. அங்கேயும் மணல் சிவக்கக் காரணம் இரும்புதான்.

இப்போதெல்லாம் பழைய சிநேகிதர்கள் "டேய் தேவாங்கு" என்று கூப்பிட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. 1972 வன உயிரினச் சட்டத்தில் முதல் அட்டவணையிலாக்கும் இருக்கிறேன். மேலே கை வைத்தால் ஜெயில், ஜாக்கிரதை!